ஆரின்ரை வள்ளம் எண்டு கேளாமல்

பெரிய பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த பிள்ளைகளை எங்கே வைத்துக் கண்டாலும் அடையாளம் பிடித்துவிடலாம். சப்பாத்து ஒரு அளவு பெரிதாக இருக்கும். அடுத்த வருடமும் போடவேண்டும் என்று வாங்கிக் கொடுத்தது. சட்டை முழங்காலுக்குக் கீழே தொங்கும். அதற்கும் அதே நியாயம்தான். நேரசூசியில் எந்தப் பாடம் போட்டிருந்தாலும் எட்டுப் பாடத்துக் கொப்பியும் முதுகில் ஏறியிருக்கும். ரீச்சர்மாருக்கு எந்த நேரம் எது வேண்டுமென்று யார் கண்டது? வகுப்புக்குள் யார் தலையை நீட்டினாலும் எழும்பி நிற்பார்கள். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு தை மாதம், யாழ்ப்பாணப் பட்டினத்துப் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆண்டு ஆறுக்கு வந்து சேர்ந்த நாற்பத்திரண்டு பேரும் முதல் நாளே ஒரு கூத்துப் பண்ணினார்கள். மணி அடிக்கிற மார்க்கண்டர் சோக்குக்கட்டிப் பெட்டியோடு உள்ளே வந்தார். நாற்பத்திரண்டு பேரும் இருந்த வாங்கு கிறீச்சிட எழும்பி, ‘வணக்கம் சேர்’ என்று இழுத்தார்கள். வாழ்நாளில் ஒருவரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. மனிதர் திரும்பி, தனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தார்.

சிரிக்கலாம்தான். ஆனால் அந்தப் பிள்ளைகளின் நிலையில் நின்றும் கொஞ்சம் பார்க்க வேண்டும். புலமைப்பரிசில் சோதனை எழுதி வந்தவர்கள். போன மார்கழி வரைக்கும் ஒவ்வொருத்தியும் தன் தன் பள்ளிக்கூடத்தில் முதலாம் பிள்ளை. கொப்பி கொண்டுபோய்க் கொடுப்பதற்கும், விருந்தினர் வந்தால் மாலை போடுவதற்கும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். தை பிறந்து பார்த்தால் ஒரே வகுப்பில் நாற்பத்திரண்டு முதலாம் பிள்ளைகள். வாயைத் திறக்க எல்லோருக்கும் பயம். சாப்பாட்டுப் பெட்டியை அரைவாசி திறந்து, மூடியை மதில்போல நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அதற்குள்ளே தலையை விட்டுச் சாப்பிட்டார்கள். கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்க வெட்கப்பட்டு, பின்னேரம் இரண்டு மணிவரை காலை நெருக்கிக்கொண்டு இருந்துவிட்டு, மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடினார்கள். எங்கே போனாலும் கூட்டமாகப் போனார்கள். ஒருத்தி தண்ணீர் குடிக்க எழும்பினால் எட்டுப் பேருக்குத் தாகம் வந்தது. அவளுக்கு வழி தெரியும் என்று இவள் நினைப்பாள்; இவளுக்குத் தெரியும் என்று அவள் நினைப்பாள். கடைசியில் எல்லோரும் நூலகத்து வாசலில் போய் நிற்பார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ‘ஓம் மிஸ்’. என்ன சொன்னாலும் ‘ஓம் மிஸ்’. விளங்கிச்சோ? ஓம் மிஸ். கொப்பிக்கு உறை போட்டாச்சோ? ஓம் மிஸ். விளங்கவில்லை என்று சொன்னால் திருப்பி ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பிவிடுவார்கள் என்று ஒவ்வொருத்தியும் மனதுக்குள் நம்பினாள். வினை வந்ததும் இந்த ‘ஓம்’ வழியாகத்தான்.

அந்த நாற்பத்திரண்டு பேரில் ஒருத்தி மார்கிரட். கொழும்புத்துறைக் கரையில் வள்ளம் வைத்து நண்டுவலை போடுகிற சிமியோனின் கடைசி மகள். அவளுடைய ஊர்த் தேவாலயத்துப் பங்குப் பள்ளிக்கூடத்திலிருந்து பட்டினத்துக்கு எடுபட்டு வந்தவர்கள் அவளுக்கு முன்னே யாரும் இல்லை. தாய் லூர்த்தம்மா அதற்காக அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தி, ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். மகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு முதல் நாள் வந்த தகப்பன், பள்ளிக்கூடத்து மதிலின் உயரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். ‘வடிவாப் படி’ என்று சொன்னார். திரும்பிப் போய்விட்டார்.

மார்கிரட்டும் மற்றவர்களைப் போலத்தான். முதல் இரண்டு நாள் மூச்சுக் காட்டவில்லை. மூன்றாம் நாள் விஞ்ஞானகூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே அலுமாரிக்குள் வரிசையாகக் கண்ணாடிப் போத்தல்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஏதோ ஒரு உயிர் வெளிறிப்போய்க் கிடந்தது. ஒரு போத்தலுக்குள் நண்டு. வீட்டு முற்றத்தில் நாள்தோறும் வலையிலிருந்து கழற்றுகிற அதே நண்டு, இங்கே பெயர் ஒட்டி, பூட்டுப் போட்ட அலுமாரிக்குள் மரியாதையாக இருந்தது. மார்கிரட்டுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. பக்கத்தில் நின்ற நளாயினி என்ற பிள்ளை ஏன் சிரிக்கிறாய் என்று மெல்லக் கேட்டாள். நளாயினி கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், வேலை செய்கிற சோமசேகரத்தின் ஒரே மகள். கறிச்சட்டிக்கு வெளியே நண்டைக் கண்டவள் இல்லை. மார்கிரட் அவளுக்கு, அது பெட்டை நண்டு, வயிற்றடி மூடி அகலமாக இருந்தால் பெட்டை, ஒடுங்கியிருந்தால் ஆண் என்று காட்டிக் கொடுத்தாள். நளாயினி வாயைப் பிளந்து கேட்டாள். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது மார்கிரட், இந்தப் பள்ளிக்கூடத்தை விட்டு இனி ஒருநாளும் போகக்கூடாது என்று நினைத்துக்கொண்டு போனாள். அந்த அலுமாரியில் இருக்கிற எல்லாவற்றையும் படிக்கவேண்டும் என்று ஆசை பிடித்துவிட்டது அவளுக்கு.

அந்த யுத்தகாலத்துப் பள்ளிக்கூடம் என்றால் பதுங்குவதற்குப் பங்கர் இருக்கும். குண்டு போடுகிற விமானம், பொம்மர், எந்த நேரத்தில் வரும், எங்கே கொட்டும் என்று ஒருவருக்கும் தெரியாது. பள்ளிக்கூட வளவுக்குள் மூன்று பங்கர் வெட்டி, தண்டவாளமும் பனங்குற்றியும் அடுக்கி, மண்மூட்டை போட்டு மூடியிருந்தார்கள். முதல் கிழமை முடிந்து வந்த திங்கட்கிழமையே பள்ளிக்கூட அதிபர் கமலாவதி மிஸ் காலைக் கூட்டத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மணி நிற்காமல் அடித்தால் போட்டது போட்டபடி கிடக்க எல்லோரும் பங்கருக்குப் போகவேண்டும்; ஆண்டு ஆறு, ஏழுப் பிள்ளைகளுக்கு வர்த்தக வகுப்புக்குப் பின்னால் இருக்கிற பங்கர். விளங்கிச்சோ என்று கேட்டார். ஆண்டு ஆறின் ‘ஓம் மிஸ்’ தான் எல்லாவற்றிலும் பெரிதாகக் கேட்டது. வர்த்தக வகுப்பு எது, அது கிழக்கிலா மேற்கிலா என்று அந்த வரிசையில் ஒரு குருவிக்கும் தெரியாது. வகுப்பாசிரியை தவமலர் மிஸ்ஸும் புதிதுதான். அடுத்த வியாழக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவோம் என்று தன்னுடைய கொப்பியில் எழுதி வைத்திருந்தார்.

பொம்மர் புதன்கிழமை வந்தது.

இடைவேளை நேரம். வாசலுக்குப் பக்கத்தில் இருந்த குழாயடியில் வழக்கம்போல ஒருத்தியின் தாகத்துக்குப் பின்னால் போன பன்னிரண்டு பேர் நின்றார்கள். மார்கிரட் கையைக் குவித்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்போது அதிபரின் கந்தோர் முன்னால் தொங்கிய வெண்கல மணியை மார்க்கண்டர் பிடித்து அடிக்கத் தொடங்கினார். விட்டு விட்டு அடிக்கிற பாடமணி இல்லை, இது மூச்சு விடாமல் அடித்தது. பெரிய வகுப்புப் பிள்ளைகள் மூன்று திக்கிலும் பறந்தார்கள். குழாயடியில் நின்றவர்களுக்கோ கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒருத்தியின் முகத்தை ஒருத்தி பார்த்தார்கள்.

மார்கிரட் ஓடினாள். பங்கர் இருந்த பக்கம் இல்லை, வாசலைப் பார்த்து. வாசலையும் காக்கிற மார்க்கண்டர் மணியடியில் நின்றதால் மறிக்க ஆள் இல்லை. கேற்றைத் தாண்டி, ரோட்டில் ஏறி, கொழும்புத்துறைப் பக்கம் திரும்பிக் கடலை நோக்கி ஓடினாள்.

அவளைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. அவள் ஊரில் நிற்காத மணிக்கு ஒரே ஒரு பொருள்தான். பங்குக் கோயிலில் மூன்று வேளையும் மணி அடிக்கும், அதற்கு நின்ற இடத்தில் சிலுவை போடுவார்கள். சாவுக்கு அடிக்கும், அது மெல்ல, எண்ணி எண்ணி அடிக்கும். மூச்சு விடாமல் அடித்தால் பரவைக்கடலில் ஒரு வள்ளத்துக்கு ஏதோ நடந்திருக்கிறது என்று அறிந்துகொள்ள வேண்டும். உலையில் அரிசி கிடந்தாலும் அப்படியே விட்டுவிட்டுக் கரைக்கு ஓடுவார்கள். பிள்ளைகள்தான் முன்னுக்கு, அவர்களுக்குத்தான் கால் வேகம். ஓடும்போது யாருடைய வள்ளம் என்று கேட்கக்கூடாது. கேட்டால் யாராவது ஒரு பெயரைச் சொல்லவேண்டி வரும். பெயர் சொல்லப்பட்டவன் திரும்பி வரமாட்டான் என்று அங்கே ஒரு பயம். அதோடு, தன் வீட்டு வள்ளம் இல்லை என்று தெரிந்தால் காலின் வேகம் குறைந்துவிடும், அதுவும் பாவம். ஓடிப்போய்க் கரையில் வரிசையாக நிற்கவேண்டும். தண்ணீருக்குள் தத்தளிக்கிறவன் தலையைத் தூக்கினால் கரையில் சனம் தெரியவேண்டும், திக்குத் தெரிந்து நீந்துவான். மார்கிரட் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து இதைச் செய்து வருகிறாள். திங்கட்கிழமை அதிபர் சொன்னதைக் கேட்டது அவளுடைய காது. ஓடியது அவளுடைய கால்.

சந்தி தாண்டித்தான் அவளுக்கு உறைத்தது. கடல் பக்கம் ஒருவரும் ஓடவில்லை. சைக்கிளில் வந்த ஒரு மனிதர் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு மதகுக்குக் கீழே பாய்ந்தார். வானத்தின் ஒரு மூலையில் உறுமல் கேட்டது. அடக் கடவுளே, இது வள்ளத்து மணி இல்லை என்று விளங்கி, அவள் திரும்பினாள்.

திரும்பினால், பின்னால் பதினொரு பேர். குழாயடியில் நின்ற அத்தனை பேரும் வரிசை குலையாமல் அவளுக்குப் பின்னால் ஓடி வந்திருந்தார்கள். முன்னுக்கு நளாயினி, சாப்பாட்டுப் பெட்டி கையில், சப்பாத்து ஒன்று காலில் இல்லை. ஒருத்தி முகத்திலும் கேள்வி இல்லை. சரியான ஆளுக்குப் பின்னால்தான் வந்திருக்கிறோம் என்ற நிம்மதிதான் தெரிந்தது. ஒரு வள்ளத்துக்காகத் தான் தனியாக ஓடினால் அது ஒன்று. பதினொரு பேரை நடுரோட்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறாளே.

பக்கத்து ஒழுங்கையில் ஒரு வீட்டுக்காரப் பெண் கேற்றைத் திறந்து, உள்ளே வரும்படி கத்தினாள். ஐந்து பேருக்கு வெட்டிய பங்கருக்குள் பன்னிரண்டு பேரும் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்தார்கள். நளாயினியின் முழங்கால் பனங்குற்றியில் உரஞ்சிப் பிய்ந்தது. எங்கோ தூரத்தில் இரண்டு முறை நிலம் அதிர்ந்தது. மேலேயிருந்து மண் கொட்டியது. நளாயினி மார்கிரட்டின் பின்னலை இறுக்கிப் பிடித்திருந்தாள். உறுமல் தேய்ந்து இல்லாமல் போன பிறகு அவள் மெல்ல வாய் திறந்தாள்.

“இதுதானோ வர்த்தக வகுப்புப் பங்கர்?”

மார்கிரட் அவளுடைய பிய்ந்த முழங்காலைச் சுற்றி ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் ஆள் எண்ணிப் பார்த்தார்கள், பன்னிரண்டு குறைந்தது. மார்க்கண்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார். சந்திக்கு இந்தப் பக்கம், பன்னிரண்டு பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ரோட்டோரமாக வருவதைக் கண்டார். சைக்கிளிலிருந்து இறங்கி, அதை உருட்டிக்கொண்டு பின்னால் நடந்தார்.

அடுத்த நாள் காலை அதிபரின் கந்தோரில் சோமசேகரம் வந்து இருந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் ஒரே மகள்; அவள் கால் முழுக்க மருந்து பூசிக்கொண்டு வந்து நின்றதைப் பார்த்த தகப்பன். இரவு முழுக்க நித்திரை இல்லாமல் எழுதிய முறைப்பாட்டுக் கடிதம் கையில் இருந்தது. மார்கிரட்டின் தகப்பனுக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சிமியோன் அன்றைக்கு வலையை விட்டுவிட்டு, பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். இருக்கச் சொல்லியும் கதிரையில் இருக்கவில்லை. கதவோடு நின்றார்.

சோமசேகரம் தன் பாட்டைச் சொன்னார். உந்தப் பிள்ளை ஓடினதுமல்லாமல் மற்றப் பிள்ளைகளையும் கொண்டு ஓடியிருக்கிறது, பொம்மர் அந்த ரோட்டில் போட்டிருந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். இப்படியான பிள்ளையை இங்கே வைத்திருந்தால் தான் தன் மகளை நிற்பாட்டிவிடுவேன் என்றும், தன்னைப் போல இன்னும் நாலு பேர் நிற்பாட்டுவார்கள் என்றும் சொன்னார். நியாயமாகத்தான் கேட்டார்.

கமலாவதி மிஸ் மார்கிரட்டைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார். முப்பது வருடம் படிப்பித்தவர். குரலை உயர்த்தத் தேவையில்லாதவர். ஒருவரிடமும் ஒன்றும் கேட்காமல் ஏன் அப்படி ஓடினீர் என்று கேட்டார்.

“மணி விடாமல் அடிச்சா ஆரின்ரை வள்ளம் எண்டு கேக்கக் கூடாது மிஸ். ஓடோணும்” என்றாள் மார்கிரட்.

அதிபருக்கு முதலில் பிடிபடவில்லை. கதவடியில் நின்ற சிமியோன் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுக் கேட்டு, கரை மணியின் கதை முழுவதையும் அதிபர் அவளிடமிருந்து எடுத்தார். சோமசேகரம் கடிதத்தை மடித்து விரித்து மடித்தார். இது அவர் எதிர்பார்த்த பதில் இல்லை.

அப்படியென்றால் நீர் ஏன் பின்னால் போனீர் என்று, தகப்பனின் கதிரைக்குப் பக்கத்தில் நின்ற நளாயினியை அதிபர் கேட்டார். நளாயினி தகப்பனைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், கடைசியில் உண்மையைச் சொன்னாள். பங்கர் எங்கே என்று தனக்குத் தெரியாது. மார்கிரட் விறுவிறென்று ஓடினபடியால் அவளுக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டாள். மற்றப் பத்துப் பேரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். எல்லோருக்கும் அதே பதில்தான். நான் விளங்கிச்சோ என்று கேட்க ஓம் என்றுதானே சொன்னீர்கள் என்றார் அதிபர். ‘ஓம் மிஸ்’ என்றார்கள் ஒரே குரலில். அப்படியென்றால் வர்த்தக வகுப்பு எது என்று தெரியுமா? பழக்கதோஷத்தில் இரண்டு பேர் அதற்கும் ‘ஓம் மிஸ்’ என்று தொடங்கி, பாதியில் விழுங்கினார்கள்.

கமலாவதி மிஸ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். எத்தனை ஆயிரம் தரம் ‘விளங்கிச்சோ’ என்று கேட்டிருப்பார். எத்தனை ஆயிரம் ‘ஓம்’களை நம்பிப் பாடத்தை முடித்திருப்பார். அவருக்கு உள்ளுக்குள் வெட்கமாகப் போய்விட்டது. பிழை பிள்ளைகளில் இல்லை, காட்டாமல் விட்ட எங்களில்தான் என்று சோமசேகரத்துக்கு நேராகவே சொன்னார்.

சோமசேகரத்தின் கோபம் பாதி இறங்கியிருந்தது. ஆனாலும் அவர் விடவில்லை. குரலைத் தாழ்த்தி, அதைவிடக் கனமான ஒன்றைக் கேட்டார். “நீங்கள் இண்டைக்குப் பங்கரைக் காட்டுவியள், சரி. உந்தப் பிள்ளையின்ரை காலுக்கு என்ன செய்யப் போறியள்? நாளைக்கும் மணி அடிக்கும். அது ஓடும். எங்கடை பிள்ளையளும் பின்னாலை ஓடும்.”

காற்று வாகாக அடித்தால் கொழும்புத்துறைக் கோயில் மணி இந்த வளவுக்கே கேட்கும் என்பதும் அதிபருக்குத் தெரியும். கதிரையை முன்னுக்கு இழுத்து, மார்கிரட்டின் கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னார்.

“பள்ளிக்கூட மணி அடிச்சாலும் சரி, உங்கடை கோயில் மணி அடிச்சாலும் சரி, இந்த வளவுக்குள்ளை நிக்குமட்டும் நான் பங்கருக்குத்தான் போவன் எண்டு நீர் எனக்குச் சொல்லோணும். சொன்னா நீர் இஞ்சை படிக்கலாம். சொல்லாட்டி என்னாலை உம்மை வைச்சிருக்கேலாது பிள்ளை.”

ஒரு சொல். அந்த ஒரு கிழமையாக நாற்பத்திரண்டு பேரும் காற்றில் வீசியெறிந்த சொல். சொல்லிவிட்டால் போதும், வகுப்புக்குப் போகலாம், நளாயினிக்குப் பக்கத்தில் இருக்கலாம், அலுமாரியிலிருந்து நண்டுப் போத்தலை எடுத்துப் பார்க்கலாம். பின்னால் நின்ற பதினொரு பேரும் அவள் சார்பில் மனதுக்குள் அதைச் சொல்லிக்கொண்டு நின்றார்கள். நளாயினியின் உதடு அசைந்தது.

மார்கிரட் நிலத்தைப் பார்த்தாள்.

“ஏலாது மிஸ்” என்றாள்.

அவளுக்கு எட்டு வயதாக இருந்தபோது வாடைக்காற்றில் தகப்பனின் வள்ளம் கவிழ்ந்தது. கோயில் மணி அடித்தது. யாருடைய வள்ளம் என்று தெரியாமலே ஓடிப்போய், சனத்துக்கு முன்னால் முழங்காலளவு தண்ணீரில் சிவத்தச் சட்டையோடு நின்றாள். வெகுநேரம் கழித்து ஒரு தலை தெரிந்தது. அது அவளுடைய அப்பா. ‘உன்ரை சிவத்தச் சட்டையைப் பாத்துத்தான் நீந்தினன்’ என்று அதன் பிறகு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார் அவர். அவள் போகாமல் இந்த வளவுக்குள் ஒரு குழிக்குள் குந்தியிருக்க, அவர் தலையைத் தூக்கிக் கரையில் அவளைத் தேடினால்? இந்தக் கதையை அவள் அழுதுகொண்டே அரைகுறையாகச் சொன்னாள். பாதிதான் விளங்கியது. அந்தப் பாதியே போதுமாக இருந்தது. சோமசேகரம் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கமலாவதி மிஸ் வேறு வழி தெரியாமல் மேசை லாச்சியைத் திறந்து, பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பும்போது எழுதிக் கொடுக்கிற விடுகைப் பத்திரக் கட்டை எடுத்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் பொறுப்பு நிற்கிற மனுசி என்ன செய்வது? பேனாவைத் திறந்தார்.

“ரீச்சர்” என்றார் சிமியோன். வந்ததிலிருந்து அவர் வாய் திறந்தது இதுதான் முதல் தரம். “நான் பிள்ளையோடை ஒரு சொல்லுக் கதைக்கட்டோ?”

கதவடியிலிருந்து வந்து, கடலில் வெந்து கறுத்த கையை முழங்காலில் ஊன்றி, மகளின் உயரத்துக்குக் குந்தினார்.

“நான் உன்ரை சட்டையைப் பாத்துத்தான் நீந்தினன், மெய்தான். ஏனெண்டு உனக்குத் தெரியுமோ? என்ரை பிள்ளைக்கு ஒண்டுமில்லை, அது கரையிலை நிக்குது, நான் அதுக்கிட்டைப் போகோணும் எண்டு. அதுதான் எனக்குப் பெலன். நீ எங்கை ஒண்டுமில்லாமல் நிக்கிறியோ அதுதான் எனக்குக் கரை. இனி நான் தலையைத் தூக்கிப் பாக்கேக்கை உன்னைக் காணாட்டி, பிள்ளை பங்கருக்கை இருக்குது எண்டு எனக்குத் தெரியும். அது போதும் எனக்கு நீந்த.”

மார்கிரட் புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். கேட்கக்கூடாத கேள்வி என்று அவள் ஊரில் ஒரு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கேட்டுவிட்டாள்.

“நீங்கள் வராட்டி?”

சிமியோன் மகளின் சட்டைக் கழுத்தில் மடிந்து கிடந்த ஓரத்தை விரலால் நிமிர்த்திவிட்டார்.

“வராட்டிலும் நீ அதுக்குள்ளைதான் இரு. ரீச்சருக்குச் சொல்லு, மோனை.”

அவள் அழுதாள். வெட்கமில்லாமல், வாயைக் கோணி, அந்தப் பெரிய கந்தோருக்குள் எல்லோருக்கும் முன்னால் அழுதாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. பிறகு அதிபரின் பக்கம் திரும்பினாள்.

“ஓம் மிஸ்.”

அந்தக் கிழமை ஆண்டு ஆறு சொன்ன எல்லா ஓமிலும், என்ன சொல்கிறோம் என்று முழுதாக விளங்கிச் சொல்லப்பட்டது இது ஒன்றுதான். அதிபர் பேனாவை மூடினார். பத்திரக் கட்டை லாச்சிக்குள் போட்டு, தேவைக்கு மேல் பலமாகச் சாத்தினார். மார்கிரட் இன்னும் நின்றாள். சொல்லி முடியாத ஏதோ ஒன்று அவள் முகத்தில் இருந்தது. என்ன பிள்ளை என்று கேட்டதற்கு, அவள் விக்கலுக்கு நடுவே, தனக்கு இன்னும் பங்கர் எங்கே என்று தெரியாது, ஒருக்காக் காட்டுங்கோ என்று கேட்டாள்.

கமலாவதி மிஸ் எழும்பினார். யாரையும் அனுப்பவில்லை, தானே முன்னுக்கு நடந்தார். பின்னால் பன்னிரண்டு பிள்ளைகளும் வழக்கம்போலக் கூட்டமாக நடந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சோமசேகரம், கடிதத்தைச் சேட்டுப் பைக்குள் செருகிக்கொண்டு நடந்தார். சிமியோன் கடைசியாக வந்தார். குழாயடியைத் தாண்டி, வர்த்தக வகுப்பு இருந்த, ஓடு போட்ட நீளக் கட்டடத்தின் மூலையைச் சுற்றினார்கள். அங்கேயே இருந்தது பங்கர். புதன்கிழமை பிள்ளைகள் நின்ற குழாயிலிருந்து நாற்பது அடி தூரம் இராது. சோமசேகரம் திரும்பிக் குழாயைப் பார்த்தார், பிறகு பங்கரைப் பார்த்தார்.

பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக இறங்கி, ஒரு மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்து பார்த்துவிட்டு ஏறினார்கள். மார்கிரட் ஏறிய பிறகு, தானும் ஒருமுறை இறங்கிப் பார்க்கலாமா என்று சிமியோன் கேட்டார். வெள்ளைச் சேட்டில் மண் படும் என்று யாரோ சொன்னார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இறங்கினார். மண்மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கையால் தட்டிப் பார்த்தார். மேலே அடுக்கிய தண்டவாளத்தை இரண்டு கையாலும் பிடித்து அசைத்துப் பார்த்தார். மகள் இப்போது எங்கே இருந்து பார்த்தாள் என்று கேட்டு, அந்த மூலையில், அவள் இருந்த மாதிரியே முழங்காலைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் குந்தியிருந்தார். பிறகு மேலே ஏறி வந்து, கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, ‘நல்ல இடம்’ என்று அதிபரிடம் சொன்னார்.